கேள்வி கேட்காத விளக்குமாறு

ராக்கையாவின் கம்ப்யூட்டரில் ஒரு விளக்குமாறு இருந்தது. திரையின் இடதுபக்கம், கடைசி வரிசையில். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் என்னென்னவோ இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ராக்கையாவுக்கு எல்லாமே படம்தான். லாரிப் படம் போட்ட பெட்டிக்குள் வண்டியில் துணி ஏற்றிய வீடியோ. துணி உருளை படம் போட்டதற்குள் டோக்கன் போட்டோ. விளக்குமாறை அமுக்கினால், 'குப்பை' என்று பேர் வைத்த பெட்டிக்குள் இருப்பது மொத்தமும் போய்விடும். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி வராது. கறுப்பாக ஒரு சதுரம் கண் சிமிட்டுகிற மாதிரி வந்து மறையும். அவ்வளவுதான். அழித்ததைத் திரும்பப் பொறுக்கி எடுக்கிற தொட்டிக்கும் போகாது, ஒரேயடியாகப் போய்விடும்.

அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவர் அவர்தான். அதற்கு இன்னொருவனைத் திட்ட வழியில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் திருப்பூர் வந்து இருபது வருடம் துணி உருளை தூக்கினார். காங்கேயம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் காம்பாக்டிங் கம்பெனி. சாயப்பட்டறையிலிருந்து வரும் பனியன் துணிக்கு ஆவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு, பின்னால் சுருங்காதபடி அழுத்தித் தருகிற வேலை. ஒரு நாள் உருளையோடு குனிந்தவர் நிமிரவில்லை. முதுகில் வட்டு நழுவிவிட்டது. ஊருக்கே போய்விட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தபோது முதலாளி வேல்குமார் கூப்பிட்டு, "தூக்க முடியலீன்னா உக்காந்து பாருங்கண்ணா. கம்ப்யூட்டர் என்ன, மனுசன் கண்டுபுடிச்சதுதானுங்க" என்றார். அப்படித்தான் ராக்கையா ஆபீசுக்குள் வந்தார்.

வேலை பெரிதில்லை. உள்ளே வரும் உருளை ஒவ்வொன்றின் டோக்கனையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். வண்டி கிளம்பும்போது எத்தனை உருளை ஏறியது என்று பின்னால் தகராறு வராமலிருக்க, கேமரா ரெக்கார்டரிலிருந்து அந்த வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரோ அரதப் பழசு. ஒரு வாரத்தில் வயிறு நிறைந்து மூச்சு வாங்கும். பழையதை அழித்தால்தான் புதியதை வாங்கும். அழிக்கப் போனால் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் முபாஷிருக்கு உடனே போன் போகும்.

"பாய், இது என்னமோ கேக்குது."

"என்னண்ணே கேக்குது?"

"இங்கிலீஸ்ல கேக்குதுய்யா. எனக்கென்ன தெரியும்?"

"அழிக்கணும்னு நிச்சயமாவான்னு கேக்குதுண்ணே. இடப்பக்கம் இருக்கறத அமுக்குங்க."

"நான் அழிக்கத்தான அமுக்குறேன்? அப்பறம் என்ன நிச்சயமாவா, கிச்சயமாவா? எம் பொண்டாட்டிகூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாளேய்யா."

எட்டாவது போனுக்கு முபாஷிர் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். வெற்றுத்தாள் மாதிரி ஒன்றைத் திறந்து அதில் ஒரே ஒரு வரி எழுதினான். பேருக்குப் பின்னால் மூன்றெழுத்து வால் ஒட்டிச் சேமித்தான். அதற்கு ஒரு குறுக்குவழி செய்து திரையில் வைத்தான். வலதுபக்கம் அமுக்கி, உள்ளே போய், என்ன படம் வேண்டும் என்று கேட்டான். ராக்கையா யோசிக்கவே இல்லை. "விளக்குமாறு" என்றார். இன்னொரு வசதியும் இருந்தது. மவுசைப் பிடித்து இழுக்காமல், கீபோர்டின் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றைத் தட்டினாலே விளக்குமாறு வேலை செய்யும்படி வைக்கலாம். ஒன்பதாம் நம்பர் பொத்தானை ஒதுக்கினான்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான். "அண்ணே, கேள்விய நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். இனி இது உங்கள எதுவுமே கேக்காது. பார்த்துத் தட்டுங்க."

"கேக்காம இருந்தாத்தான் பாய் வேல ஓடும்."

மேல்வரிசைப் பொத்தான்கள் எல்லாம் ஒரே சாயல். ஒன்பது எது, எட்டு எது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கம்பெனிப் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், கம்ப்யூட்டர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். அப்படியே அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்பதாம் பொத்தானிலும் ஒன்று வைத்தார். விரல் பட்டதும் பொத்தான் அமுங்கியது. கறுப்புச் சதுரம் சிமிட்டியது. குப்பை காலி.

அவருக்கு அது பிடித்துப் போயிற்று. ஆபீசைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, வெளியே சுத்தமான அதே கையோடு உள்ளேயும் சுத்தம். அதன்பிறகு வாராவாரம் அதுவே வழக்கமானது. வாரம் முழுக்கப் பழையதைக் குப்பைப் பெட்டிக்குள் இழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொட்டு வைப்பார். பொட்டு வைப்பதும் கூட்டுவதும் ஒன்றாகிவிட்டது.

கம்பெனியில் இது பெரிய சிரிப்பு. அதிகம் சிரித்தவன் மெஷின் ஆபரேட்டர் ஜெபக்குமார். சாத்தான்குளத்துக்காரன், வேதக்காரன். மதியச் சோற்றுக்கு ராக்கையாவோடுதான் உட்காருவான்.

"அண்ணாச்சி, பொட்டு வெச்சா குப்ப தானா போவுதாம்லா. எம் மெஷினுக்கும் ஒண்ணு வையுங்களேன், துணி தானா ஓடட்டும்."

"உனக்கு வெக்கிறேன்டா, நெத்தியில. வாய் தானா மூடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் மெஷின் பக்கம் வந்ததும், மேலே கேமராவை நிமிர்ந்து பார்ப்பான். ஆபீசில் ராக்கையா பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். வலதுகை ஆள்காட்டி விரலை நீட்டிக் காற்றில் ஒரு பொட்டு வைப்பான். ராக்கையா ஆபீசுக்குள் உட்கார்ந்து, "போடா பொசகெட்ட பயலே" என்பார். அவனுக்குக் கேட்காது. அதோடு அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைய நாள் தொடங்கும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஜெபக்குமாரின் வலது கை உருளைக்குள் போனது.

மெஷினுக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பித் தடுப்பு உண்டு. கை அதில் பட்டால் மெஷின் அதுவாக நின்றுவிடும். துணியின் ஓரம் பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. அவசர லோடு வந்தால் சூப்பர்வைசர் குமரன் ஒரு பனியன் துணிக் கிழிசலை எடுத்துத் தடுப்பைத் தூக்கிக் கட்டிவிடுவான். அன்றும் கட்டினான். துணி சுருண்டுகொண்டு போனதை நேர்செய்ய ஜெபக்குமார் கையை நீட்டினான். தடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மணிக்கட்டு வரைக்கும் போய்விட்டது.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பியபிறகு ராக்கையா ஆபீசுக்குள் வந்து ரெக்கார்டரைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தது. ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு ஜெபக்குமார் வருகிறான். எட்டே காலுக்குக் குமரன் தடுப்பைத் தூக்கிக் கட்டுகிறான். ஜெபக்குமார் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான். குமரன் கடிகாரத்தைக் காட்டுகிறான். பத்தரைக்கு நடந்ததை ராக்கையா பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஜெபக்குமார் வருகிற நிமிடத்திலிருந்து பதினொன்று வரை மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, லாரி வீடியோக்களுக்கு நடுவே செருகி வைத்தார்.

புதன்கிழமை காலையில் ரெக்கார்டர் காலியாக இருந்தது. ரிப்பேர் என்றார்கள். மதியம் ஒரு தாள் வந்தது. தடுப்பை அவிழ்த்துப் போட்டது ஜெபக்குமாரேதான், எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை என்று அதில் எழுதியிருப்பதாகக் குமரன் படித்துக் காட்டினான். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ராக்கையாவும் போட்டார். தாளில் எழுதியது என்ன செய்யும், படம் இருக்கிறதே என்ற தெம்பில் போட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜெபக்குமாரின் வலது கை முழங்கையோடு சேர்த்து வெள்ளைத் துணிப் பொட்டலமாக இருந்தது. அந்தப் பொட்டலம் மணிக்கட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. பக்கத்தில் அவன் மனைவி பிரிசில்லா.

"அண்ணாச்சி, தடுப்ப நானே அவுத்துப் போட்டேன்னு எழுதிட்டாவளாம்லா. நாமளா அவுத்தா கேஸ் நிக்காதுன்னுட்டாரு வக்கீலு. அதுகூடப் போவட்டும். இவளே எங்கிட்ட கேக்கா, நெசமாச் சொல்லுங்க, நீங்கதான அவுத்தீங்கன்னு."

பிரிசில்லா தரையைப் பார்த்தாள். "நான் என்ன அண்ணாச்சி செய்ய? கம்பெனி பூரா அதையே சொல்லுது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே."

ராக்கையா குனிந்து மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட படம் இருக்கு தாயி. காலையிலேர்ந்து மொத்தமும் இருக்கு. கட்டுனது எவன்னு அப்பட்டமாத் தெரியுது. சனிக்கிழமை மத்தியானம் மொதலாளி வெள்ளகோவில் போயிருவாரு, மாமனார் ஊருக்கு. குமரனும் வீட்டுக்குப் போயிருவான். அன்னிக்குத் தந்துர்றேன்."

கை போன நேரத்தில்கூட அழாதவன் அப்போது அழுதான். இடது கையால் முகத்தைத் துடைக்கத் தெரியாமல் துடைத்தான்.

அதற்கு முன்னால் எடுத்துக்கொடுக்க வழியில்லை. ராக்கையாவிடம் இருந்தது பட்டன் போன். மனைவி கருத்தம்மாவிடம் டச் போன் உண்டு. ஆனால் இந்தக் கம்பெனியில் டச் போன் கேட்டைத் தாண்டாது. பென்டிரைவ் ஒன்றை வாங்கிச் சோற்று டப்பாவில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றாள் பிரிசில்லா.

வியாழக்கிழமை குமரன் ஆபீசுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, லாரிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான். பாதிவரை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனான். ராக்கையாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. எங்கே வைப்பது? எந்தப் பெட்டியில் வைத்தாலும் பயல் துழாவுவான். சட்டென்று தோன்றியது. குப்பைக்குள் எவன் கைவிடப் போகிறான்? வீடியோவை இழுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டார். குமரன் திரும்பி வந்து எல்லாவற்றையும் பார்த்தான். குப்பையைப் பார்க்கவில்லை. தன் புத்தியை நினைத்து ராக்கையாவுக்கு அன்று ராத்திரி கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கருத்தம்மாவிடம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

ரத்தம் பட்ட மெஷின். அதனால் அன்று பூஜை பெரிது. முதலாளியே முன்னால் நின்றார். "எல்லாத்தையும் நல்லாக் கழுவி உடுங்க சாமி. கண்ணுபட்டதெல்லாம் போகோணும்." பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கேட்டில் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவினார்கள். சாம்பிராணிப் புகையில் ஆள் முகம் தெரியவில்லை. ராக்கையா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போனார். ஜெபக்குமாரின் மெஷினுக்கும் வைத்தார். நாளை மத்தியானம், நாளை மத்தியானம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆபீசுக்கு வந்தார். வாசற்படிக்கு ஒன்று. மேசைக்கு ஒன்று. கம்ப்யூட்டர் நெற்றிக்கு ஒன்று. பொத்தானுக்கு ஒன்று.

திரை சிமிட்டியதை அவர் பார்க்கவே இல்லை. குங்குமம் கண்ணில் விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். பிறகு பொரிகடலை வாங்கித் தின்றார். பிறகு உட்கார்ந்து, புதனுக்குப் பிறகு ரெக்கார்டரில் சேர்ந்து ஏறாமல் கிடந்த லாரி வீடியோ அத்தனையையும் ஏற்றினார். கம்ப்யூட்டர் மளமளவென்று வாங்கிக்கொண்டது. இன்றைக்கு நன்றாக ஓடுகிறதே என்றுதான் நினைத்தார்.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பிரிசில்லா கேட்டுக்கு வந்து டப்பாவை நீட்டினாள். அதில் புளிச்சோற்றுக்கு அடியில், கவரில் சுற்றிய பென்டிரைவ். "எதிர்ல பேக்கரியில உக்காரு தாயி, பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். குப்பைப் பெட்டியைத் திறந்தார்.

வெள்ளையாக இருந்தது.

மூடிவிட்டுத் திறந்தார். வெள்ளை. லாரிப் பெட்டியைத் திறந்தார், உருளைப் பெட்டியைத் திறந்தார். குமரன்தான் பார்த்து அழித்துவிட்டானோ என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. கண் கீபோர்டுக்குப் போயிற்று. மேல்வரிசையில் ஒரு பொட்டு. நேற்று வைத்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தன் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள்.

அவர் போன் செய்த குரலைக் கேட்டுவிட்டு முபாஷிர் சோற்றில் கை வைத்தவன் அப்படியே கிளம்பி வந்தான். எதையோ ஏற்றி ஓடவிட்டான். கோடுகோடாக ஏதோ ஓடியது. முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கேட்டான்.

"அண்ணே, அழிச்சதுக்கப்பறம் இதுல ஏதாச்சும் ஏத்துனீங்களா?"

"கெடந்த லாரி வீடியோ மொத்தமும் ஏத்துனேன்."

முபாஷிர் நாற்காலியில் சாய்ந்தான். "அழிச்சது ஒடனே போயிறாதுண்ணே. எடம் மட்டும் காலின்னு எழுதி வெச்சுக்கும். அந்த எடத்துல வேற வந்து உக்காந்தாத்தான் போகும். நீங்க அது மேலயே லாரிய நிறுத்திட்டீங்க."

"ஒண்ணுமே வராதா?"

"முன்னால கொஞ்சம் வந்திருக்கு. பதினோரு செகண்டு."

ஏழு மணி இரண்டு நிமிடம். ஜெபக்குமார் மெஷின் பக்கம் வருகிறான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைக்கிறான். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தலையில் துண்டைக் கட்டுகிறான். நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறான். வலதுகை ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு பொட்டு வைக்கிறான். அங்கே நின்றுவிடுகிறது.

முபாஷிர் திட்டவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராக்கையாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அந்தப் பதினோரு நொடியைத் தன் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கருத்தம்மாவின் நம்பருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லி, கைகூடக் கழுவாமல் போனான்.

பேக்கரியில் பிரிசில்லா இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு டீயை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்குக் கடைக்காரன் முறைத்துக்கொண்டிருந்தான். ராக்கையா பென்டிரைவை மேசைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பொட்டு வைத்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லவே அவருக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

அவள் சத்தம் போடவில்லை. "யாரு சொல்லி அழிச்சீங்க அண்ணாச்சி?" என்றாள்.

"யாரும் சொல்லலே தாயி. எம் பிள்ளைக மேல சத்தியமா யாரும் சொல்லலே."

"கையெழுத்தும் யாரும் சொல்லாமத்தான் போட்டீங்களோ?"

டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பென்டிரைவ் மேசைமேலேயே கிடந்தது.

திங்கட்கிழமை கம்பெனிக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலாளி ஆபீசுக்கே வந்தார். கதவைச் சாத்தினார். ராக்கையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இப்பிடி ஒரு படம் இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுங்க. நீங்களா பார்த்து, நீங்களா முடிச்சு உட்டிருக்கறீங்க. கூடப் பொறந்தவன் பண்ண மாட்டானுங்க இந்தக் காரியம்."

"நான் அதுக்காகப் பண்ணல மொதலாளி. பொட்டு வெக்கயில..."

"சரீங்க, சரீங்க. பொட்டுதானுங்க. நான் ஒண்ணும் கேக்கலீங்க." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது. சக்கரம் வைத்தது, முதுகுக்கு அணை வைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதை ஆபீசுக்கு உருட்டிக்கொண்டு போவதை மெஷின்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். "அண்ணனுக்குப் பொட்டு நல்லா வேலை செய்யுதப்போய்" என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அது அவர்கள் சிரித்ததைவிட மோசமாக இருந்தது. ராக்கையா அந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பழைய இரும்பு நாற்காலியிலேயே உட்கார்ந்தார். முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார். மதியச் சோற்றைத் தனியாகத் தின்றார்.

முபாஷிரை வரச் சொல்லி அந்தக் கேள்வியைத் திரும்ப வைக்கச் சொன்னார். "தமிழ்ல வெக்க முடியுமா பாய்?" முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தபோது திரையில் கேள்வி வந்து நின்றது. நிச்சயமாக அழிக்கவா? ராக்கையா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். சந்தன விரலோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை, அவர் எதையும் அதில் போடுவதையே விட்டிருந்தார். இருந்தாலும் வேண்டாம் என்பதையே அமுக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். கம்ப்யூட்டர் வயிறு நிறைந்து திணறியது.

இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளர் விசாரணை என்று ஒரு நாள் குறித்தார்கள். ராக்கையாவைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. அவரே போவதாகச் சொன்னார்.

"வேல போயிரும்யா" என்றாள் கருத்தம்மா.

"போகட்டும்."

"போயிச் சொன்னா மட்டும் நம்பிருவாகளாக்கும்?"

"நம்பாட்டிப் போறாங்க. பாத்தவன் நான் ஒருத்தன்தான."

அவள் தன் போனை எடுத்துக் கொடுத்தாள். "அந்தப் பதினோரு செகண்டு இதுலதான் இருக்கு. பாத்து வெச்சுக்க. இதையும் அழிச்சுப்புடாத." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராக்கையா அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி வயதானவர். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மேசைக்கு ஒரு பக்கம் முதலாளியும் கம்பெனி வக்கீலும். இன்னொரு பக்கம் ஜெபக்குமார், பிரிசில்லா, அவர்கள் வக்கீல். ஜெபக்குமார் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். சட்டையின் வலது கை நுனியை மடித்து ஊக்கு குத்தியிருந்தது.

"நான் பார்த்தேன் சார்" என்றார் ராக்கையா. "சூப்பர்வைசர்தான் தடுப்பத் தூக்கிக் கட்டுனாரு. இந்தப் பய வேணாம்னு கையாட்டுனான். படத்துல நான் கண்ணால பார்த்தேன்."

"அந்தப் படம் எங்கே?"

"அழிஞ்சு போச்சு சார்."

"யார் அழித்தது?"

"நாந்தான்."

கம்பெனி வக்கீல் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவருக்கு இனி எழுத வேண்டிய வேலை இல்லை.

"யார் சொல்லி?" என்று கேட்டார் அதிகாரி.

"யாரும் சொல்லலே சார்."

"பிறகு ஏன் அழித்தீர்கள்?"

ராக்கையா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"வெள்ளிக்கிழமை சார்" என்றார். "பொட்டு வெச்சேன்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். "இது உங்கள் கையெழுத்துதானே?"

கோணல்மாணலாக இருந்தது. இந்த ஊரில் அவர் பேரை அப்படி எழுதுகிறவர் வேறு யாரும் இல்லை. "ஆமா சார்."

"இதில் ஜெபக்குமார் அவிழ்த்தார் என்றிருக்கிறது. இப்போது சூப்பர்வைசர் கட்டினார் என்கிறீர்கள். படம் இருந்தது என்கிறீர்கள், நீங்களே அழித்தேன் என்கிறீர்கள். நான் எதை எழுத?"

ராக்கையா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பதினோரு நொடியில் எதுவும் இல்லை. துண்டு கட்டுவதும் பொட்டு வைப்பதும்தான். அதை எடுத்துக் காட்டினால் சிரிப்பு இன்னும் பெரிதாகும். எடுக்கவில்லை.

வெளியே வரும்போது முதலாளி அவர் பக்கத்தில் வந்தார். குரல் ஏறவில்லை. "நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு காருக்குப் போனார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஜெபக்குமார் உட்கார்ந்திருந்தான். பிரிசில்லா ஆட்டோ கூப்பிடப் போயிருந்தாள். ராக்கையா கடந்து போய்விடத்தான் நினைத்தார். கால் நின்றுவிட்டது.

"ஜெபா."

அவன் நிமிரவில்லை. அப்படியே கேட்டான். "ஏதோ கொஞ்சம் வந்துச்சுன்னு பாய் சொன்னாரே. அது என்னது?"

"அதுல ஒண்ணுமில்லடா. காலையில நீ வர்ற."

"காட்டுங்க."

ராக்கையா பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்து ஓடவிட்டார். ஜெபக்குமார் இடது கையால் வாங்கிக்கொண்டான். வெயில் கூசாமலிருக்கத் திரைக்கு நிழல் கொடுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. மடித்துக் குத்திய சட்டைக்கை தன்பாட்டில் எழுந்து பாதியில் இறங்கியது. ராக்கையா தன் உள்ளங்கையை விரித்துத் திரைக்கு மேலே பிடித்தார்.

அவன் வந்தான். இரண்டு கையாலும் முகம் துடைத்தான். இரண்டு கையாலும் துண்டைக் கட்டினான். நிமிர்ந்து பார்த்துப் பொட்டு வைத்தான். நின்றது.

ஜெபக்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போனைப் பிடித்திருந்த கையால் பொத்தானைத் தட்ட முடியவில்லை.

"இன்னொருக்க அமுக்குங்க அண்ணாச்சி."

ராக்கையா அமுக்கினார்.

"இன்னொருக்க."

ஆட்டோ வந்து நின்று, பிரிசில்லா இறங்கி, அவர்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் நின்றாள். ராக்கையா அமுக்கினார்.